வருகைப் பதிவேடு

வெள்ளவத்தை, கடற்கரை வீதி, பதின்மூன்று மாடி.
காவலாளி கொப்பியைத் தள்ளினார்:
பெயர், அடையாள அட்டை, யாரைப் பார்க்க?

உங்களைத்தான், என்றேன்.

நேற்று வரை உங்கள் காட்டூரில் இருந்தேன்.
கடைசி பஸ் திரும்புகிற இடத்தில் அந்த விடுதி.
தகரக் கூரை, ஒற்றைக் குண்டு பல்ப்,
குளிக்கிற வாளிக்குள் ஒரு தவளை.
அது வெளியேறவில்லை, நானும் கேட்கவில்லை.
சுற்றுலா வேனுக்கு முன்னால்
கோடரியைத் தோளில் மாட்டி நின்ற உங்கள் தம்பி
வேன் போனதும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு
போனுக்கு ரீலோட் தேடினான்.
காட்டுக்குள் போக பெர்மிட் வேணுமாம்,
அவனுக்கும்.
விடியப்புறம் இந்தப் போத்தலைத் தந்தான்:
"அண்ணனிட்ட குடுங்கோ,
கொழும்பு சின்ன ஊர்தானே."

ஹீன்பண்டா கடதாசி மூடியை இழுத்து
மணந்து பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
"பாலைப்பூ இல்லை. வீரை.
இந்த முறை பிந்தித்தான் ஏறியிருக்கிறான்."
பிறகு மெதுவாக,
"அந்த மரத்திலயா இன்னும்?"

எந்த மரம் என்று எனக்குத் தெரியாது.

பின்னால் கார் ஹோர்ன் அடித்தது.
தொப்பி தலைக்குத் திரும்பியது,
கொப்பி என்னிடம்:
வெளியேறும் நேரம் எழுதுங்கோ.

எழுதினேன், தேன் பிசுக்கு விரலோடு.
ஓர் எறும்பு என் பெயரைக் கடந்து
கையெழுத்து வைக்காமல்
உள்ளே போனது.