பங்கீட்டு அடிப்படை

மேல்விஷாரத்தில் எங்கள் அறக்கட்டளைக்கு ஒரே கேட்.
உள்ளே பள்ளிக்கூடம், மருந்தகம், யத்தீம்கானா.
மூன்று நிதி, மூன்று பேரேடு,
மூன்று நிறத்தில் அட்டை.
பீரோ மட்டும் ஒன்று. சாவி என்னிடம்.

போர்வெல்லுக்குத் தலையெண்ணிக்கை.
கரண்டுக்குச் சதுர அடி.
டீசலுக்கு ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு;
அதற்கென நோட்டு உண்டு, பாதி நாள் யாரும் எழுதுவதில்லை.
வாட்ச்மேன் முனிரத்தினத்துக்கு
நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தைந்து.
எனக்கு முன்னால் இருந்தவர்
பென்சிலில் போட்டுவைத்த விகிதம்.
ஏன் என்று எழுதவில்லை.

ஆகவே ஒன்பதாயிரம் ரூபாய்க்கு
மாதம் மூன்று வவுச்சர்.
முதலாவதில் முழுப்பெயர் எழுதுவார்,
இரண்டாவதில் பாதி,
மூன்றாவதில் வெறும் கோடு.

சோளிங்கர் ஆடிட்டர் மோரைக் குடித்துவிட்டு
அந்த வரியில் விரல் வைத்தார்:
"இதுக்கு என்ன அடிப்படை?"
செயலாளர் நூருல்லா சாயபு முந்திக்கொண்டார்:
"யத்தீம்கானா பங்கு ஜகாத் பணம்.
வாட்ச்மேனுக்குப் போகக் கூடாது.
பொதுநிதி தாங்கட்டும்."
பொதுநிதி
போன மழையில் ஒழுகிய கூரைக்கே
இன்னும் கடன் கட்டுகிறது.

கேட்டுக்குப் போனேன். மே மாதம், பன்னிரண்டரை மணி.
நாற்காலி அங்கே இல்லை.
மருந்தகத் தகர ஷெட்டின் கீழே இருந்தது.
காலையில் பள்ளிச் சுவரோரமாம்,
மூன்றுக்கு மேல் விடுதிப் பக்கத்துப் புங்கமரமாம்.
"நெழலு எங்க கீதோ அங்க நான் கீறேம்மா.
இந்த வெயில்ல வேற இன்னா பண்றது?"

மூன்று நாள் கைப்பேசியில் நேரம் குறித்தேன்.
நாற்பத்தொன்று, முப்பத்துமூன்று, இருபத்தாறு.
பென்சில்காரரும்
இந்த ஜன்னலில்தான் நின்றிருப்பார்.

"ராத்திரிக்கு?" என்றேன், கணக்கை முடிக்க.
"ராத்திரி மொத்தமும் நெழலுதானேம்மா"
என்று சிரித்தார்.

வவுச்சர் கட்டைப் புரட்டினேன்.
பதினோரு வருஷம்.
ராத்திரிக்கு ஒரு வவுச்சர்கூட இல்லை.
யாரும் கொடுத்ததில்லை, அவர் கேட்டதில்லை.
கேட்டால் எந்த நிதி என்று
எங்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆடிட்டருக்கு 'நிழல்' என்று எழுதி, அடித்து,
'பணி நேரம்' என்று திருத்திக் கொடுத்தேன்.
தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போனார்.

அவர் பஸ் ஏறிய பிறகு
அனாமத்துக் கணக்கில் ஒரு வரி திறந்தேன்:
முனிரத்தினம், இரவு.
தொகை எழுதவில்லை இன்னும்.
பேனாவால்தான் எழுதியிருக்கிறேன்.