குளித்துவிட்டு வந்த ராணி

பழைய வண்ணாரப்பேட்டையில்,
பேரிலேயே வெளுப்பை வைத்திருக்கும் ஊரில்,
எவர்சில்வருக்கு முகம் வரவழைப்பது என் வேலை.
பஃப் சக்கரம் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று.
சட்டி, குண்டான், டிபன் அடுக்கு
கறுப்பாக வரும், கண்ணாடியாகப் போகும்.
நாளைக்கு இருநூற்று நாற்பது தடவை
என் மூக்கையே பெரிதாகப் பார்த்துப் பார்த்து
அடுக்கி வைக்கிறேன்.

முதல் காசு மண்ணடியில் கிடைத்தது.
ஞாயிற்றுக்கிழமை, மூடிய ஷட்டருக்கு முன்னால்
நீலத் தார்ப்பாய் விரித்திருந்த பல்கீஸ்
நூற்றெண்பது சொல்லி நூற்றைம்பதுக்கு இறங்கினாள்.
கால் அணா. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.
ஆறிப்போன வெல்லப்பாகு நிறத்தில் ஒரு ராணி,
சட்டையெல்லாம் பூவேலை.

அந்த நிறத்தில் ஒரு பொருளை
அப்படியே விட்டுவைக்க என் கைக்குத் தெரியாது.
புளி, உப்பு.
அது போதாமல் திங்கட்கிழமை மதியம்
முதலாளி சாப்பிடப் போன நேரம்
சக்கரத்தில் சிவப்பு சோப்பைத் தடவிக் காட்டினேன்.
மூன்று விநாடி இருக்கும்.
நான்கும் இருக்கலாம்.

பக்கத்து மிஷின் எத்திராஜுலு எட்டிப் பார்த்தான்.
"தங்கம் கணக்கா இருக்குதுப்பா! காசுன்னா இதான்."
சாயங்காலம்வரை
சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு
பல்கீஸ் லென்ஸைக் கண்ணில் இடுக்கினாள்.
வெகுநேரம் பேசவில்லை.
"குளிப்பாட்டிட்டியா?"
நான் ஷட்டரின் பூட்டைப் பார்த்தேன்.
"பூவெல்லாம் எங்க?
மேல இருந்தது அழுக்கில்லண்ணே, நூத்தறுபது வருஷம்.
இப்ப இருபது ரூபாய்க்கு எவனாச்சும் கேட்டா
குடுத்துடு, யோசிக்காத."

டீ வந்தது. எனக்கும் ஒன்று சொல்லியிருந்தாள்.
குடித்து முடித்தபின் பிஸ்கட் டப்பாவிலிருந்து
இன்னொன்றை எடுத்து வைத்தாள்.
பச்சைப் பொருக்கு, முகமில்லை, வருஷமில்லை,
காசுதானா என்றே சந்தேகம்.
"காசிமேட்டு வலையில வந்தது.
அப்பிடியே வுட்டா உப்பு தின்னுடும்.
தேய்ச்சா நீ தின்னுடுவ."
"அப்போ?"
"பேட்டரிக் கடைத் தண்ணி வாங்கு. ஊறப்போடு.
தண்ணிய மாத்து. தொடாத."

தொடாதே என்பதெல்லாம் ஒரு வேலையா?
பிரிட்ஜ் மேல் கண்ணாடி டம்ளர்.
அதில் ரூபாவதி ஒட்டிய சீட்டு:
'யாரும் குடிக்காதீங்க. அப்பாவோட பைத்தியம்.'
மணலி காற்று திரும்பி வீசிய ராத்திரிகளில்
வீடு முழுக்க எண்ணெய் நாற்றம் அடிக்க,
டம்ளர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி
உட்கார்ந்திருந்தது.
மூன்று வாரம்.

நாலாவது வாரம் ரேஷன் கடை.
மெஷினில் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
"தொடச்சிட்டு வைங்க."
லுங்கியில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
"கைய நல்லா கழுவிட்டு வா நைனா,"
பின்னாலிருந்து ஒரு குரல்.
கழுவிவிட்டு வந்தேன். அதற்கும் சிவப்பு.
அந்தப் பெண் என் விரலைத் திருப்பி
வெளிச்சத்தில் பார்த்தாள்.
லென்ஸ்தான் இல்லை அவளிடம்.
"ரேகையே இல்லியேண்ணா, என்னா வேலை பாக்குறீங்க?"

நான்கு விநாடிக்குப் பூ போனால்
இருபத்திரண்டு வருஷத்துக்கு என்ன போகும் என்று
வரிசையில் நின்றபடி கணக்குப் போட முடியவில்லை.
"கண்ணக் காட்டுங்க," என்றாள். காட்டினேன்.
அது நான்தான் என்று ஒப்புக்கொண்டது.
இருபது கிலோ அரிசி.

பளபள ராணி இப்போது
மகளின் தாயக்கட்டத்தில் ஒரு காய்.
அடிக்கடி வெட்டுப்படுகிறாள்.

டம்ளரில் பச்சை அப்படியேதான் இருந்தது.
ஓரத்தில் ஒரு கோடு தெரிந்த மாதிரி.
எழுத்தாக இருக்கலாம், கீறலாகவும் இருக்கலாம்.
தண்ணீரை மாற்றினேன்.
கரண்டியால் எடுத்தேன்,
விரலால் எடுக்கவில்லை.