டுப்ளிகேஷன் றோட்டில் ஓர் அரை மணி

ஐந்தாம் மாடி. ஏசி வேலை செய்யாத வெள்ளிக்கிழமை.
கடலோர ரயில் கூவும்போது
ஜன்னல் கண்ணாடி ஒருதரம் அதிரும்.

நீர்மட்டங்களைக் கோடாக்குவது என் வேலை:
களனி கங்கை, அத்தனகலு ஓயா, மல்வத்து ஓயா, இரணைமடு.
முப்பது வருடம். மணிக்கு ஒரு புள்ளி.
கீழே இழுப்பதற்கு ஒரு ஸ்லைடர்.
மேலே ஆற்றைத் தெரிவுசெய்ய ஒரு பட்டியல்.
சுட்டி தொட்ட இடத்தில்
சின்னப் பெட்டி விரிந்து திகதியும் உயரமும் சொல்லும்.
இழுத்தால் வெள்ளம். இன்னும் இழுத்தால் வரட்சி.

பிழை வந்தது மத்தியானம்,
சோற்றுப் பார்சல் பிரித்த நேரம்.
சிவப்பு எழுத்தில்: ஒரே நேரம் இரு தடவை.
2006 ஏப்ரல் 15, நள்ளிரவு பன்னிரண்டு.
டுப்ளிகேஷன் றோட்டில் இருந்துகொண்டே
'டுப்ளிகேட்' என்று திட்டு வாங்கினேன்.

ஒன்றை அழி என்றார் ஷிராஸ், விரலெல்லாம் பருப்பு.
எதை?
எதையாவது.

ஸ்கேன் பண்ணிய பேரேட்டைத் திறந்தேன்.
நாகலகம் வீதி அளவுகோல், சிங்களத்தில் நீல மை.
பன்னிரண்டு மணி: மூன்றடி நாலங்குலம்.
அடுத்த வரியும் பன்னிரண்டு மணி: மூன்றடி நாலரை.
யாரோ ஒருவர் டோர்ச்சோடு படியிறங்கி வாசித்து,
அரசாங்கம் முள்ளைப் பின்னுக்குத் தள்ளியதும்
அதே மணிக்கு
மறுபடி இறங்கியிருக்கிறார்.
ஆறு அவருக்காக நிற்கவில்லை;
அரையங்குலம் ஏறியிருந்தது.

இரணைமடு வேறு சிக்கல்.
பத்து வருடமாக அங்கே வெள்ளம்
பக்கத்து மானிகளைவிட
எப்போதும் அரை மணி முந்தி வந்தது.
'மானிப் பிழை, சந்தேகம்' என்று யாரோ குறித்திருந்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.
கொழும்பு மணியை மாற்றியபோது
வன்னி மாற்றவில்லை.
ஓமந்தையில் பஸ்ஸால் இறங்கி, பைகளைக் கொட்டிக் காட்டி,
சூனியப் பிரதேசம் தாண்டியதும்
கைக்கடிகாரத்தை அரை மணி திருப்புவோம்.
எனக்கு ஒன்பது வயது.
திருகியைப் பிடுங்க நகம் போதும் என்று
எல்லோருடைய கடிகாரத்தையும் என்னிடமே தருவார்கள்.

ஃப்ரேம்வொர்க் நேர வலயம் எதுவென்று கேட்டது.
பட்டியலை ஒரு தடவை முழுதாய் உருட்டினேன்.
தீவுக்கு ஒரே பெயர்:
ஆசியா, சாய்கோடு, கொழும்பு.

கையால் எழுதினேன்.
இந்தத் திகதியிலிருந்து அந்தத் திகதி வரை
இந்தக் குளத்துக்கு மட்டும் முப்பது நிமிடம் கூட்டு.
ஆதாரம் என்ன, ரிவ்யூவில் ஷிராஸ் கேட்டார்.
'ஓமந்தை' என்று போட்டேன்.
நீண்ட நேரம் பதில் இல்லை.
பிறகு பச்சை அடையாளம்.

பின்னேரம், டெமோவுக்கு முன்,
பயிலுநர் தினுக அந்த ஏப்ரலுக்கு ஸூம் பண்ணிப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
இரு புள்ளியையும் நான் விட்டுவைத்ததில்
கோடு அங்கே செங்குத்தாய் ஒரு சின்னப் படி ஏறும்.
'அக்கா, நான் பிறந்தது இதுக்குள்ளதான்.'
பன்னிரண்டு பத்து, சொய்சா ஆஸ்பத்திரி.
எந்தப் பன்னிரண்டு பத்து?
தாதி எழுதவில்லை.
அம்மா இரண்டு ஜாதகம் கணிப்பித்தாவாம்.
ஒன்றில் கடல் கடப்பான்.
மற்றதில் மாட்டான்.
மெல்பேர்ன் வீசா திங்கட்கிழமை தெரியும்.

கோட்டை வழவழப்பாக்கும் தெரிவை அணைத்தேன்.
சேவ் பண்ணினேன்.
கீழே கொண்டக்டர் கொள்ளுப்பிட்டி, கோட்டை, கோட்டை என்கிறான்.
வாடிக்கையாளர் லிஃப்டில் வருகிறாராம்.
தினுக எழும்பவில்லை.
படியின் கீழ்முனையில் ஒருதரம்,
மேல்முனையில் ஒருதரம்,
சுட்டியை வைத்து வைத்து
பெட்டி என்ன சொல்கிறதென்று பார்க்கிறான்.