மந்த ஒலி

"அடுக்குகள் பிரிந்த இடத்தில்
மந்த ஒலி எழும்."
ஆறு வருசமாய் இந்த வரியை
வெள்ளவத்தை வகுப்பறைத் திரையில்
போட்டுக் காட்டியிருக்கிறேன்.
பரீட்சையில் இரண்டு புள்ளி.

சாருகா கேட்டாள்:
"எவ்வளவு மந்தம், மிஸ்?"
மின்விசிறி சுற்றியது.
அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை, இரத்மலானை.
கொட்டகைக்குள் கடலுப்பும் எண்ணெயும் கலந்த வெக்கை.
நாலு பேருக்கான பழைய விமானம்.
ஃபர்ஸான் காற்சட்டைப் பையைத் துழாவி
ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று தந்தான்.
என் பழைய மாணவன்;
நல்லவேளை, சிரிக்கவில்லை.

டிங். டிங். டிங்.
இறக்கை நுனியில் காதை வைத்து
விரலளவு விரலளவாய் நகர்ந்தேன்.
வெளியே ஏதோ இறங்கியது,
சத்தம் அடங்கும்வரை காத்திருந்தோம்.
டிங்.
பிறகு, சிவப்பு விளக்குக்குச் சற்றுக் கீழே,
ஈரப் பலகையில் தட்டியதுபோல்
டொப்.

மறுபடி தட்டினேன். மறுபடியும்.
காதைவிட விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.
"வட்டம் போடுங்க மிஸ்" என்று
மெழுகுப் பென்சிலை நீட்டினான்.
என் வட்டம் கோணலாய் வந்தது.

காலி வீதி பஸ்ஸில்
டிக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைந்தது.
கொண்டக்டர் நீட்டிய கையை எடுக்கவில்லை,
ஏசினான், ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பொத்திய உள்ளங்கைக்குள்
வியர்த்துக்கொண்டு கிடந்தது குற்றி.
கொடுக்கவில்லை.
திங்கட்கிழமை அது
சாருகாவுக்கு வேணும்.