அயற்கூற்று

இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கு.
பொருள் மாறக்கூடாது.
கேள்விக்கு இரண்டு மதிப்பெண்,
பெரிய எழுத்தை மறந்தால் அரை போகும்.

அம்மா ஆறு பத்துக்குக் கிளம்புகிறாள்.
அப்பா ஆறே முக்காலுக்கு வருகிறார்.
இவற்றை இணைக்க
தாளில் இடம் விட்டிருக்கிறார்கள்
ஒன்றரை வரி.

ஈசூனில் பதினோராம் மாடி.
அம்மா ஒரு கொண்டோவின் வாசலில்
பன்னிரண்டு மணி நேரம்
யார் யாருக்கோ கேட் திறக்கிறாள்.
அப்பா ரயில் ஓடாத நேரத்தில்
தண்டவாளத்தில் நடக்கிறார்.
நான் நடுவில் முப்பத்தைந்து நிமிடம்,
மைலோவும் பயிற்சித்தாளுமாக.

சித்தப்பாவுக்குக் கடன் கொடுத்த நாளிலிருந்து
இருவரும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள்.
வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்றேன்.
"உங்கப்பா பார்த்தால்தானே" என்றாள் அம்மா.
அதையும் நான்தான் போய்ச் சொல்லவேண்டும்.

நைதர் வந்தால் நார் வரும்.
அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை என்றால்
வினைச்சொல் யார் பக்கம் சாயும்?
பக்கத்தில் நிற்பவர் பக்கம் என்கிறார் மிஸ் ரொஹானா.
சரிதான்.
காலையில் நான் அம்மா கட்சி,
ஏழு மணிக்கு அப்பா கட்சி.

மௌனத்துக்கு உவமை கேட்டார்.
ஹுய் மின் எழுதினாள்: பழுதான லிஃப்ட் போல.
நான் எழுதினேன்: எங்கள் வீட்டுச் சமையலறை போல.
சிவப்புப் பேனா வட்டம் போட்டது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அயற்கூற்றுதான் எனக்கு நன்றாக வரும்.
'இங்கே' அங்கே ஆகும்.
'இன்று' அன்று ஆகும்.
'நான்' அவள் ஆகிவிடும்.
காலம் ஒரு படி பின்னால் இறங்கும்.
"களைப்பா இருக்கேன்" என்று அம்மா சொன்னால்
களைப்பாக இருந்தாளாம்,
ஏதோ களைப்பு தீர்ந்துபோனது மாதிரி.

தமிழில் அந்த வேலையே இல்லை.
ஓர் 'என்று' போதும்.
சொன்னது சொன்னபடி வந்து நிற்கும்,
அடுப்பிலிருந்து அப்படியே இறக்கியதுபோல்
கோபம் கொதித்துக்கொண்டு.
அதனால் நான் ஆங்கில விதியில் மாற்றி
தமிழில் சொல்கிறேன்.
"இனிமே காசு விஷயம் எங்கிட்ட பேசவேணாம்னு சொல்லு"
லிஃப்ட் வருவதற்குள் ஆறிவிடும்:
காசு பற்றி அம்மாவுக்கு ஏதோ வருத்தமாம்.
அப்பா சாக்ஸைக் கழற்றிக்கொண்டே
"ம்" என்பார்.
"ம்" என்பதற்கு அயற்கூற்று
எந்த வழிகாட்டியிலும் இல்லை.

நேற்றுக் காலை அம்மா
இரும்புக் கேட்டைப் பாதி சாத்தியவள்
திரும்பாமலே கேட்டாள்:
"வலது முட்டி எப்படி இருக்காம்?"

விதிப்படி கேள்விக்குறி போகவேண்டும்.
கேள்வி தலையைக் குனிந்து
ஒரு சாதாரண வாக்கியமாக
முற்றுப்புள்ளியோடு வரிசையில் நிற்கவேண்டும்.

நான் மாற்றவில்லை.
அப்பா வந்ததும்
அம்மா குரலில், அம்மா இழுப்பில்,
மேற்கோள் குறிகளைக் கையால் காட்டி
"வலது முட்டி எப்படி இருக்காம்?"

அப்பா ஒரு சாக்ஸோடு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
"பரவால்லன்னு சொல்லு."

இரவு எட்டு மணி.
அம்மா ஷூவை அவிழ்க்கிறாள்.
"பரவால்ல" என்றேன்.
"அப்படியேவா சொன்னார்?"
"அப்படியே. ஆனா ரொம்ப நேரம் கழிச்சு."

"அப்ப வலிக்குது" என்றாள்.
கருத்தறிதலில் மிஸ் ரொஹானா
மூன்று மதிப்பெண் தரும் கேள்வி அது:
பத்தியில் இல்லாததைப் பத்தியிலிருந்தே எடுக்கவேண்டும்.
அம்மா உயர்நிலை இரண்டோடு நின்றவள்.

கோடாலித் தைலத்தை எடுத்துப்போய்
அப்பாவின் தலையணை மேல் வைத்தாள்.
பிறகு, உருண்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ,
துண்டால் ஓர் அணை கட்டினாள்.

நான் பென்சிலைச் சீவினேன்.
கேள்வி ஐந்து:
மழை பெய்தது. ஆட்டம் நின்றது.
'பிகாஸ்' போடாமல் எழுதுக.