எழுநூறு சதுர மீட்டர்

குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் எழுநூறு சதுர மீட்டர்
தருகிறதாம் மங்கோலியா.
மாமா என் பெயரைப் பதிந்து
உலான்பத்தோர் குன்றுச் சரிவில் ஒரு துண்டை வாங்கிவைத்திருக்கிறார்.
வேலி போடாவிட்டால் பக்கத்துக்காரன் நகர்ந்து வருவான் என்று
மாதம் ஒருமுறை அழைத்துச் சொல்கிறார்.
அவர் பேச்சில் பாதிதான் எனக்குப் புரியும்.
மீதியை அம்மா கொரிய மொழியில் சொல்வாள்,
அதிலும் பாதி தவறு.

நான் இருப்பது மாசொக்கில்.
மரச்சாமான் பட்டறைகளின் ஊர்.
சோபாவுக்குப் பஞ்சடைக்கும் கொட்டகையின் மாடியில்
மூன்று வயதிலிருந்து இருபத்திரண்டு வரை
எந்தத் தாளிலும் இல்லாமல் இருந்தேன்.
பள்ளிக்கூடம் ஜிஹ்யே என்று கூப்பிட்டது, திரும்பினேன்.
வகுப்பே ஜெஜு தீவுக்கு விமானம் ஏறிய அன்று
எனக்குக் காய்ச்சல்.
எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும்:
வங்கிக் கணக்குத் தொடங்கும் நாளில்,
நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளில்.

அப்பாவைப் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை,
தர்பூசணி வாங்கப் போன இடத்தில்.
மறுநாள் கடைக்காரர் பழத்தைக் கொண்டுவந்து வைத்தார்,
காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார்.
வெட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்
நான்கு நாள் அதைச் சுற்றியே சாப்பிட்டோம்.

இப்போது எனக்கும் தம்பிக்கும் கடிதம் வந்திருக்கிறது.
ஓராண்டு இருக்கலாம். முடிந்ததும் இன்னும் ஓராண்டு கேட்கலாம்.
அக்டோபருக்குள் தானாகப் போய்விட்டால்
அபராதம் இல்லை.

எது உன் ஊர், என்று அம்மா கேட்டாள்,
சந்தையில் மீன் விலை கேட்பதுபோல.
கொஞ்ச நேரம் கழித்து, நான் போகிறேன் என்றாள்.
பத்தொன்பது வருடம் உங்களுக்காக இருந்தேன்
என்றெல்லாம் சொல்லவில்லை.
பெட்டியின் ஜிப் சரியில்லை என்றாள்.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அங்கே நிலம் இருக்கிறது. மாமா, நிலக்கரிப் புகை,
வேறொரு குடும்பமாகிவிட்ட அப்பா.
என் முகம் போலவே முகங்கள்,
நான் வாயைத் திறந்ததும் திரும்பிப் பார்க்கும் முகங்கள்.
இங்கே நிலம் இல்லை.
நிலை, ஒரு வருடத்துக்கு உண்டு.
கூட்டினாலும் கழித்தாலும்
விடை வராத கணக்கு.

ஆனால் இந்தச் சந்துகள் எனக்குத் தெரியும்.
எந்தச் சுவருக்குப் பின்னால் நாய் குரைக்காது,
எந்தப் பட்டறைக்குப் பின்கதவு உண்டு,
தேவாலயப் படிக்கட்டின் அடியில்
எத்தனை பேர் மூச்சடக்கி உட்காரலாம்
(ஏழு பேர், ஒரு கைக்குழந்தை).
ஓடி ஓடியே படித்த ஊர்.
அதில் ஒருமுறை மெதுவாக நடந்து பார்க்கவேண்டும்.

வேறு காரணம் என்னிடம் இல்லை.
படிவத்தில் படிப்பு, தொழில், குடும்பம், பிற என்று இருந்தது.
பிற என்பதில் குறி போட்டேன்.

வேலிப் பலகையை நானே அறுத்துத் தருகிறேன்,
அம்மாவோடு அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.
மரத்தைவிடக் கப்பல் கூலி அதிகம், பணமாகக் கொடு என்றார்.
கொடுத்தேன்.
நான் பார்க்காத என் நிலத்தில்
அம்மா இப்போது உருளைக்கிழங்கு போட்டிருக்கிறாள்.
பக்கத்துக்காரனோடு சண்டையும் போட்டாயிற்றாம்.

அட்டை கைக்கு வந்த இரவு
பொரித்த கோழி வேண்டும் என்றான் தம்பி தெமூலென்.
வாங்கித் திரும்பும்போது மணி இரண்டு.
சாலையில் பூனைகூட இல்லை. சிவப்பு விளக்கு.
அவனுக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவன்,
விறுவிறுவென்று கடந்துவிட்டான்.
எதிர்ப்பக்கம் நின்று கையாட்டுகிறான்:
வா அக்கா, ஒரு போலீஸும் இல்லை, கோழி ஆறுது.

தெரியும்.
பையில் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு
பச்சைக்காக நிற்கிறேன்.