காலி எடை

வாளையாற்றில் வரிச் சாவடியை எடுத்துவிட்டார்கள்.
எடைமேடை இருக்கிறது. நான் இருக்கிறேன்,
இரவு எட்டு முதல் காலை ஆறு வரை
கண்ணாடிக் கூண்டுக்குள்.

சிமெண்டு, தவிடு, நேந்திரங்காய்,
நாமக்கல் முட்டை.

முன்பு எண்பலகைகள் பேசின.
கே.எல். என்று தொடங்கும் வண்டியெல்லாம்
என்னைக் கேள், கேள் என்றது.
கேட்டேன்.
பதினேழு வண்டிக்கு ரசீது போடாமல்
மலைப்பக்கம் நடந்தேன்.
தண்டவாளத்தில் யானைக் காவல் நின்ற ஸலாஹு
டார்ச் அடித்துத் திருப்பிக் கூட்டிவந்தான்.

பாலக்காட்டில் டாக்டர் பிரசீதா
சீட்டின் பின்புறம் நாலு நாற்காலி வரைந்தார்.
“செரோடோனினைக் குறைக்கிறதில்லை, கேட்டோ.
அது வந்து இருக்கிற கசேரையில
மாத்திரை முன்னாடியே போய் இருக்கும்.
டோபமினுக்கும் அதே கதி.
உன் சத்தம் எந்தக் கசேரையோடது என்று
எங்களுக்கும் முழுசாத் தெரியாது.”
தெரியாது என்று சொன்னதால்தான் விழுங்கினேன்.

காலை ஆறரைக்கு, என் இரவு தொடங்கும்போது, ஒன்று.
மூன்றாம் வாரம் வண்டிகள் வாயை மூடின.
கே.எல். வெறும் கே.எல். ஆனது.

ஆனால் அந்த நாலில் ஒரு நாற்காலி
‘போதும்’ என்று சொல்ல வேண்டியது.
அதிலும் மாத்திரை.
மூன்று புரோட்டா. பிறகும் மூன்று.
பழம்பொரிக் கடை ராஜிலா
என் பற்றுக்கென்று தனி நோட்டு போட்டாள்.
குடலில்தான் செரோடோனின் அதிகமாம்.
இருந்து என்ன,
வந்தது நின்று பார்த்துவிட்டுப் போகிறது,
லீவு நாளில் ஆபீசுக்கு வந்தவன் மாதிரி.

நேற்று இரண்டரை மணிக்கு
ஒரு காலி லாரி இறங்கிப் போனதும்
திரை சைபருக்கு வந்தது.
நான் ஏறி நின்றேன்.

எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
எண்பது.
போன ஓணத்துக்கு அறுபது.

கூண்டுக்குத் திரும்பி ரசீது போட உட்கார்ந்தேன்.
லோடு எடை எண்பது. காலி எடை அறுபது.
நிகரம் இருபது.
சரக்கு என்ற கட்டத்தில்
என்ன அடிப்பது என்று தெரியவில்லை.
போன குரல்களுக்கு எடை இருந்ததா,
வந்த அமைதிக்கா?
வண்டி எண் என்ற கட்டமும் காலியாக இருந்தது.

ஹாரன்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது,
தண்ணீர் குடித்து நிமிர்ந்தேன்.
கே.எல்., ஒன்பது. எம்-சாண்ட், தார்ப்பாய் இல்லை.

“சேச்சி, ஒரு ரண்டு டன் குறச்சு இடாமோ?”

கேட்டது.
வெளியிலிருந்து கேட்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பீடிப் புகையோடு ஒரு வாய் அசைந்தது.

முடியாது என்றேன்.